தோல் புற்றுநோய்: வகைகளும் முன்நிலைகளும் பிரித்தறியப்பட்ட வரலாறு

தோல் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் அடங்கியுள்ளன. அவற்றில் முதன்மையானவை மூன்று. அடித்தளச் செல் புற்று இருந்த இடத்தையே மெல்ல அரித்துத் தின்னும். வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. செதிள் செல் புற்று தடித்து, புண்ணாகி, சில வேளை நிணநீர்க் கணுக்களை எட்டும். நிறமிச் செல்களில் பிறக்கும் மெலனோமா எண்ணிக்கையில் குறைவு, ஆனால் வந்தவரின் உயிரைப் பறிக்கும் அபாயத்தில் மற்ற இரண்டையும் மிஞ்சியது. வெறுங்கண்ணுக்கே தெரியும் உறுப்பில் வந்தும் இவற்றைத் தனித்தனி நோய்களாகப் பிரித்துணர மருத்துவத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. புற்றாக மாறுமுன் தோல் காட்டும் அறிகுறிகளை அது பெரும்பாலும் உழைப்பாளிகளின் உடலைப் பார்த்தே கற்றது.

லண்டனின் புனித பார்த்தலோமியூ மருத்துவமனை அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துப்புரவாளர்களின் விதைப்பையில் வரும் புண்ணைப் பற்றி 1775இல் எழுதினார். சிறுவயதிலேயே குறுகலான புகைபோக்கிகளுக்குள் ஏற்றிவிடப்பட்டவர்கள் அவர்கள். அந்தப் புண்ணை மேகநோய் என்று கருதி மற்ற மருத்துவர்கள் பாதரசம் கொடுத்துவந்தனர். தோல் மடிப்புகளில் தங்கிய புகைக்கரியே காரணம் என்றார் பாட். ஆனால் துப்புரவாளர்கள் அதற்குமுன்பே அதைக் ‘கரிமரு’ என்றுதான் அழைத்துவந்தார்கள். காரணமும் முன்நிலையும் அந்தப் பெயரிலேயே இருந்தன. நோயாளிகள் சொன்னதை மருத்துவர்கள் காதில் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

தீயும் இதே பாடத்தைக் கற்பித்தது. பாரிஸின் ஜான்-நிக்கோலா மார்ஜோலின் பழைய தழும்புகளில் எழும் ஆறாத புண்களை 1828இல் விவரித்தார். காஷ்மீரில் குளிர்காலத்தில் தணல் நிரப்பிய மண்சட்டியைப் பிரம்புக் கூடையில் வைத்து அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள். அந்தக் காங்கிரிச் சூடு பட்டுப்பட்டு அடிவயிற்றிலும் உள்தொடையிலும் வலைபோல் கருஞ்சிவப்புக் கோடுகள் விழும். ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு அவ்விடத்தில் செதிள் செல் புற்று வரும். மிஷன் மருத்துவர் எல்ம்ஸ்லி 1866இல் இதைப் பதிவு செய்தார்.

வெயிலின் பங்கு இன்னும் பிந்தித்தான் துலங்கியது. ஹாம்பர்க் துறைமுகத்தில் மாலுமிகளின் முகத்திலும் கையிலும் கண்ட தடித்த, செதிளான தோலை உன்னா 1894இல் புற்றோடு இணைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் பொர்தோவின் துப்ரோய் கிராமத்து உழைப்பாளிகளிடம் அதையே கண்டார். இன்று ஆக்டினிக் கெரட்டோசிஸ் எனப்படும் சொரசொரப்பு இதுதான். பார்ப்பதைவிடத் தொட்டால் எளிதில் பிடிபடும். உப்புத்தாள்போல் விரலில் உரசும். இவற்றுள் பெரும்பாலானவை புற்றாவதில்லை; ஆகப்போவது எது என்பதைத்தான் கண்ணால் சொல்ல முடியாது.

ஆர்சனிக் வேறு வழி. அதை மருந்தாக நெடுநாள் உண்டவர்களின் உள்ளங்கையில் முளைகள் தோன்றிப் புற்றாவதை ஜொனதன் ஹட்சின்சன் 1880களில் காட்டினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் கொல்கத்தாவில் கே.சி. சாகா அதே முளைகளை ஆழ்குழாய்க் கிணற்று நீர் குடித்த மேற்கு வங்கக் கிராமத்தாரின் கைகளில் கண்டார். பழைய பாடநூல் நோய் 1983இல் மக்கள் நலப் பிரச்சினையாகத் திரும்பியது.

வகைகளுக்கிடையே உறுதியான எல்லை போட்டது நுண்ணோக்கி. டப்ளினின் ஆர்தர் ஜேகப் 1827இல் கண்ணிமையை அரிக்கும் ஒரு புண்ணைத் தனியே விவரித்திருந்தார். அதன் செல்கள் மேல்தோலின் அடி அடுக்கை ஒத்தவை என்று புடாபெஸ்டின் குரோம்பெக்கர் 1903இல் நிறுவியபோதுதான் அடித்தளச் செல் புற்று செதிள் செல் புற்றிலிருந்து பிரிந்தது. பாஸ்டனின் ஜான் போவன் 1912இல் இன்னொரு குழப்பத்தைத் தீர்த்தார். கரப்பான் என்றோ படை என்றோ களிம்பு பூசப்பட்டுவந்த சிவந்த திட்டுகள் சில, மேல்தோலைத் தாண்டாமல் நிற்கும் புற்றே என்று தெரிந்தது.

மெலனோமாவின் கதை சிதறலானது. 1787இல் ஜான் ஹண்டர் ஒருவரின் தாடையருகே வெட்டியெடுத்த கட்டி லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தது; அது மெலனோமா என்று 1968இல்தான் உறுதியானது. இதைத் தனி நோயாகப் பிரித்தவர், பின்னாளில் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னெக் (1804). இங்கிலாந்துக் கிராமப்புற மருத்துவர் வில்லியம் நோரிஸ் 1820இல் ஒரு நோயாளியை விவரித்தார். அவருடைய தந்தையும் அதே நோயால் இறந்தவர். மச்சங்களுக்கும் குடும்ப வழிக்கும் உள்ள தொடர்பை நோரிஸ் அப்போதே ஊகித்தார். 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ கட்டியின் தடிமனை மில்லிமீட்டரில் அளந்தார். அவர் ஆராய்ந்தவற்றில் 0.76 மி.மீ.க்குக் குறைந்தவை பரவவில்லை. பார்த்து ஊகித்துவந்த அபாயம் அன்றுதான் அளவுகோலுக்குள் வந்தது.

1985இல் நியூயார்க் பல்கலைக்கழகக் குழு பொதுமக்களுக்கென ஏ.பி.சி.டி. விதியை வகுத்தது: சமச்சீரின்மை, ஒழுங்கற்ற ஓரம், பலநிறம், 6 மி.மீ.க்கு மேல் விட்டம். மாறிக்கொண்டே இருப்பது என்ற ஐந்தாவது குறி 2004இல் சேர்ந்தது. நல்ல விதிதான், ஆனால் வெள்ளைத் தோலில் பழகிய கண்களின் விதி. மாநிறத்திலும் கறுப்பிலும் மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வரும், வெயில் அங்கே காரணமல்ல. ரிச்சர்ட் ரீட் இதைத் தனி வகையாகப் பிரித்து 1976இல்தான் பெயரிட்டார். மறு ஆண்டே பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் அது கண்டறியப்பட்டது. முதலில் கால்பந்துக் காயம் என்றே எண்ணப்பட்டிருந்தது. 1981இல் 36 வயதில் அவர் இறந்தார். மாநிறத் தோலில் இன்னொரு மயக்கமும் உண்டு: அடித்தளச் செல் புற்றே கறுத்துத் தோன்றி மெலனோமா என்று நினைக்கவைக்கும்.

நகத்தில் கறுப்புக் கோடு எல்லாமே நோயல்ல. நிறத்தோலருக்கு அது இயல்பாகவே பல விரல்களில் இருக்கும். ஒரே விரலில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கோடும், நகத்தைத் தாண்டிச் சுற்றுத் தோலில் கசியும் கறுப்பும்தான் சந்தேகத்துக்குரியவை. இரண்டாவதைச் சுட்டியவர் முன்சொன்ன ஹட்சின்சனே. உள்ளங்காலுக்கான குறியை ஜப்பானின் தொஷியாக்கி சைதாவும் அவர் குழுவினரும் டெர்மோஸ்கோப் என்னும் தோல் உருப்பெருக்கி வழியே கண்டனர்: சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் ரேகைப் பள்ளங்களில் ஓடுகிறது; மெலனோமாவின் நிறம் ரேகை மேடுகளில் படிகிறது.