லினக்ஸ் கணினியில் இணையவழிக் கூட்டம்: ஆரணியின் தேவைகளை முன்வைத்து

இணையவழிக் கூட்டக் கருவி என்பது ஒலி, படம், கணினித் திரை மூன்றையும் ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பவும் பெறவும் உதவும் மென்பொருள். ஜூம், கூகுள் மீட், ஜிட்சி மீட், மைக்ரோசாப்ட் டீம்ஸ், ஜோஹோ மீட்டிங் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. லினக்ஸில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சு வழக்கமாக இந்தப் பெயர்களைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் கூட்டம் நன்றாக நடப்பதும் சொதப்புவதும் பெரும்பாலும் இந்தக் கருவிகளுக்குக் கீழே இருக்கும் ஒலி, திரை, கேமரா அடுக்குகளால்தான். அந்த அடுக்குகளைச் சரிசெய்தவருக்கு எந்தக் கருவியும் ஓரளவு ஒத்துழைக்கும். சரிசெய்யாதவர் கருவியை மாற்றிக்கொண்டே இருப்பார்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி, புவிசார் குறியீடு பெற்ற பட்டுப் புடவைக்குப் பெயர்போன ஊர். தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு எனச் சுற்றுவட்டாரத்திலும் தறிகள் உண்டு. பட்டுத் தொழிலில் இணையவழிப் பேச்சு அலுவலகக் கூட்டத்தைப் போன்றதல்ல. வெளியூர்க் கடைக்காரருக்கு முந்தியையும் புட்டாவையும் கேமராவில் காட்ட வேண்டும். ஜக்கார்டுக்கான டிசைனைக் கணினித் திரையில் விரித்து, எந்தக் கட்டத்தில் ஜரிகை ஓட வேண்டும் என்று பேச வேண்டும். பக்கத்து அறையில் தறி ஓடிக்கொண்டே இருக்கும். நிறம், திரைப்பகிர்வு, இரைச்சல் என்ற மூன்றும் லினக்ஸில் தனிக் கவனம் கேட்பவை.

தமிழ்நாட்டில் லினக்ஸ்

அரசு சார்ந்த நிறுவனங்களில் லினக்ஸைத் துணிந்து எடுத்தது தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட். சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த 2007 வாக்கில் அலுவலகக் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாற்றப்பட்டன. அதே ஆண்டில் சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலான மாணவர்கள் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். என்றாலும், லினக்ஸ் என்ற பெயர் சிற்றூர் வீடுகளுக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

கூட்டக் கருவிகளில் நடைமுறை அனுபவம் சேர்ந்தது பயனர் குழுக்களிடம். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை சென்னை ஐஐடி வளாகத்தில் கூடிவந்த சென்னை லினக்ஸ் பயனர் குழு, 2020 பெருந்தொற்றுக் காலத்தில் ஜிட்சிக்கு மாறியது. ஆரணிக்கு அருகில் உள்ள மற்றொரு பட்டு நகரமான காஞ்சிபுரத்தின் பெயரில் இயங்கும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, ஞாயிறுதோறும் ஜிட்சி வழியே தமிழில் உரையாடல் நடத்திவருகிறது. கட்டணமில்லை, யாரும் சேரலாம், கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம். லினக்ஸில் மைக் வேலைசெய்யவில்லை என்று ஆரணியிலிருந்து ஒருவர் உதவி தேடினால் அணுகத் தகுந்த இடம் இது. என்ன, அந்தக் கேள்வியைக் கேட்பதற்காவது மைக் வேலைசெய்தாக வேண்டும். இல்லையென்றால் அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்யலாம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்ததும், விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற பதிப்புகள் நடைமுறை மாற்றாயின.

கருவிகள்

இன்றைய கருவிகள் பெரும்பாலும் வெப்ஆர்டிசி என்ற தொழில்நுட்பத்தின் மீதோ அதை ஒத்த ஒன்றின் மீதோ நிற்கின்றன. கூகுள் இதன் மூலநிரலை 2011இல் வெளியிட்டது. 2021 ஜனவரியில் இது டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. உலாவிக்குள்ளேயே கேமராவும் மைக்கும் இயங்க இது வழிசெய்ததால், லினக்ஸுக்குத் தனிச் செயலி இருக்கிறதா என்ற கேள்வியின் முக்கியத்துவம் குறைந்துவிட்டது. மைக்ரோசாப்ட் 2019 டிசம்பரில் லினக்ஸுக்கான டீம்ஸ் செயலியை வெளியிட்டு, மூன்று ஆண்டுகளில் அதைக் கைவிட்டு உலாவிவழிப் பதிப்புக்கு மாறியது. கூகுள் மீட் தொடக்கத்திலிருந்தே உலாவியில்தான். ஜோஹோ மீட்டிங்கையும் உலாவியிலேயே பயன்படுத்தலாம். ஜூமுக்கு டெப், ஆர்பிஎம் தொகுப்புகளாக லினக்ஸ் செயலி உண்டு. அதை நிறுவ விரும்பாதவர் அழைப்புப் பக்கத்திலிருந்து உலாவி வழியாகவும் சேரலாம். இலவசக் கணக்கில் ஜூம் கூட்டத்துக்கு 40 நிமிட வரம்பு. மீட்டில் மூவரோ அதற்கு மேலோ சேர்ந்தால் ஒரு மணி நேரம்.

ஜிட்சியின் கதை சற்று நீளம். 2003இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் தொடங்கிய மாணவர் திட்டம் அது. 2015இல் அட்லாசியன், 2018இல் 8×8 நிறுவனம் எனக் கைமாறினாலும் மூலநிரல் திறந்தே இருக்கிறது. இருவர் மட்டும் பேசும்போது முடிந்தவரை படமும் ஒலியும் ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு நேராகவே போகும். மூன்றாமவர் சேர்ந்ததும் நடுவில் உள்ள வழங்கி வழியே திரும்பிவிடும். அந்த வழங்கி எல்லாப் படங்களையும் ஒன்றாகக் கலந்து தருவதில்லை, தனித்தனி ஓடைகளாகவே அனுப்புகிறது. அதனால் ஆள் கூடக்கூடப் பெறுபவரின் கணினிக்கும் இணைப்புக்கும் சுமை கூடும். பழைய கணினியில் பத்துப் பேர் கூட்டம் திணறுவதற்குக் காரணம் இதுவே. படத்தின் தரத்தைக் குறைக்கும் வசதி ஜிட்சியின் செயல்திறன் அமைப்பிலேயே இருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் ஜிட்சியின் பொதுத் தளத்தில் அறையைத் தொடங்குபவர் ஏதேனும் ஒரு கணக்கில் உள்நுழைய வேண்டும்; சேருபவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

புடவைக் கடைக்காரர் எந்தக் கருவியில் அழைக்கிறாரோ அதில்தான் நெசவாளர் சேர முடியும் என்பதால், தேர்வு பெரும்பாலும் வாங்குபவர் கையில் இருக்கிறது. ஆகவே லினக்ஸ் கணினியில் பயர்பாக்ஸ் ஒன்றும் குரோமியம் வகை உலாவி ஒன்றும் வைத்துக்கொள்வது போதுமான ஆயத்தம். ஒன்றில் மக்கர் செய்வது மற்றதில் ஓடிவிடுவது அடிக்கடி நடப்பது.

ஒலி

லினக்ஸில் நீண்டகாலம் பல்ஸ்ஆடியோ என்ற ஒலி வழங்கி இருந்தது. ரெட் ஹேட்டின் விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் அதன் இடத்தைப் பிடித்தது: 2021இல் ஃபெடோரா 34, 2022இல் உபுண்டு 22.10, 2024இல் லினக்ஸ் மின்ட் 22. பழைய பதிப்பை வைத்திருப்பவருக்கு ஒலியில் தொல்லை இருந்தால் முதலில் செய்ய வேண்டியது புதிய பதிப்புக்கு ஏறுவதுதான்.

பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்ற சிறிய நிரல் பைப்வயரிலும் வேலைசெய்யும். அதில் உள்ளீட்டுப் பக்கத்தைத் திறந்து பேசினால் எந்த மைக்கின் அளவுக்கோடு அசைகிறது என்று தெரியும். கூட்டத்தில் குரல் கேட்கவில்லை என்ற புகாரின் பின்னால் இருப்பது பெரும்பாலும் தவறான மைக் தேர்வு. ஹெட்போனும் மைக்கும் ஒரே துளையில் செருகும் மடிக்கணினிகளில், செருகியது வெறும் ஹெட்போனா ஹெட்செட்டா என்று கணினி கேட்கும். அதைத் தவறாகச் சொன்னால் மடிக்கணினியின் உள்மைக்கே ஓடிக்கொண்டிருக்கும்.

ப்ளூடூத் ஹெட்செட்டில் இன்னொரு சிக்கல். பாட்டு கேட்கும் உயர்தர வழி ஒருதிசை மட்டுமே. மைக் தேவைப்பட்டதும் இணைப்பு தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். இது லினக்ஸின் குறை அல்ல, ப்ளூடூத்தின் அமைப்பு. யுஎஸ்பி ஒயர் உள்ள ஹெட்செட்டே ஆரணிச் சூழலுக்குப் பொருத்தம். வாய்க்கு அருகில் மைக் வருவதால் தறிச் சத்தம் தானாகவே பின்தங்கும்.

அந்தச் சத்தம் விசிறி இரைச்சலைப் போன்றதல்ல. நாடா போய்வருவதும் பலகை அடிப்பதும் ஜக்கார்டுப் பெட்டி எழும்பி இறங்குவதும் விட்டு விட்டு வரும் ஓசைகள். ஒரே சீரான இரைச்சலை அடக்குவதில் மென்பொருள்கள் தேர்ந்தவை; திடீர் அடியைத் தடுப்பதில் அவ்வளவு தேர்ச்சி இல்லை. நரம்பியல் வலையால் பேச்சைப் பிரித்தெடுக்கும் ஆர்என்நாய்ஸ் என்ற திறந்தமூல நூலகம் இதில் மேல். ஈஸிஎஃபெக்ட்ஸ், நாய்ஸ்டார்ச் போன்ற நிரல்கள் அதைப் பயன்படுத்தி, சுத்தமாக்கிய ஒலியைப் புதிய மைக்காகக் காட்டும். கூட்டத்தில் அந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும். உலாவியோ ஜூமோ தானாகவும் இரைச்சலை வடிகட்டுவதால், இரண்டையும் சேர்த்து ஓட்டினால் சொற்களின் ஓரம் தேய்ந்துபோகும். ஒன்றை நிறுத்திவிட வேண்டும்.

திரைப்பகிர்வு

பழைய எக்ஸ்11 திரை அமைப்பில் எந்த நிரலும் முழுத் திரையையும் படிக்க முடியும். அதன் இடத்துக்கு வந்த வேலேண்ட், பாதுகாப்பு கருதி அதைத் தடுத்துவிட்டது. திரையைப் பகிர விரும்பும் நிரல் டெஸ்க்டாப் போர்ட்டல் என்ற இடைவாயில் வழியே கேட்க வேண்டும். எந்தச் சாளரம் என்று பயனரே காட்ட வேண்டும். படம் பைப்வயர் வழியே போகும். 2021இல் வந்த க்னோம் 41 டெஸ்க்டாப் குறுக்குவழிகளை அடைத்தபோது, அதன் வேலேண்ட் அமர்வில் ஜூமின் திரைப்பகிர்வு நின்றுபோனது. இந்த இடைவாயிலுக்கு மாறிய பிறகே அது மீண்டது. கறுப்புத் திரை தெரிகிறது என்றால் போர்ட்டல் தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா, அது தன் டெஸ்க்டாப்புக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். லினக்ஸ் மின்டின் சின்னமன் டெஸ்க்டாப் இயல்பாக எக்ஸ்11இல் ஓடுவதால் அங்கே இந்தச் சிக்கல் வருவதில்லை.

டிசைன் கட்டங்களைப் பகிரும்போது அசைவைவிடத் தெளிவே தேவை. முழுத் திரைக்குப் பதில் டிசைன் சாளரத்தை மட்டும் பகிர்ந்து, தன் கேமராவை நிறுத்தினால் குறைந்த இணைப்பிலும் கட்டங்கள் தெளியும்.

கேமராவும் நிறமும்

யுஎஸ்பி வெப்கேம்களில் பெரும்பாலானவை யுவிசி என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றுவதால் லினக்ஸில் செருகியதும் இயங்கும். இன்டெலின் ஐபியூ6 வகைக் கேமரா கொண்ட சில புதிய மடிக்கணினிகளில்தான் தொல்லை; வாங்கும் முன் விசாரிப்பது நல்லது.

டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடுவதைப் பலர் கேமராவின் கோளாறு என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். சில கேமராக்கள் அமெரிக்க வழக்கப்படி 60 ஹெர்ட்ஸுக்கு அமைக்கப்பட்டு வருகின்றன. ஜியுவிசிவியூ போன்ற நிரலில் மின்கம்பி அதிர்வெண்ணை 50க்கு மாற்றினால் கோடுகள் மறையும். வெண்சமநிலையைத் தானியங்கியிலிருந்து விடுவிப்பதும் அதே இடத்தில்தான். தானியங்கி இயங்கும்போது அரக்குச் சிவப்புப் புடவையைக் கேமரா முன் விரித்தால், படம் முழுவதும் சிவப்பாக இருக்கிறதே என்று கேமரா அதைக் குறைத்துக் காட்டிவிடும். வெள்ளைத் தாள் ஒன்றைக் காட்டிச் சமநிலையை நிலைநிறுத்திவிட்டு, பிறகு புடவையை விரிக்க வேண்டும்.

அப்போதும் ஒரு தடை எஞ்சும். கூட்டக் கருவிகளின் காணொளி வழக்கமாக வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும், நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒருமுறையும் மட்டுமே பதிந்து அனுப்புகிறது. முகத்துக்கு இது போதும். பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த மயில்கழுத்துப் புடவைக்குப் போதாது. நூலளவு நிற வேறுபாடு கலங்கிப்போகும், ஜரிகை வெறும் மஞ்சளாகத் தெரியும். எந்தக் கருவியை மாற்றினாலும் இது பெரிதாக மாறாது. கேமராவில் பேசி, பகல் வெளிச்சத்தில் எடுத்த நிழற்படத்தைத் தனியே அனுப்பி, சாயத்தை மாதிரித் துண்டு கொண்டே முடிவுசெய்வது சரி.

சொந்த வழங்கி, டிசைன் ரகசியம்

ஜிட்சியைச் சொந்த வழங்கியில் நிறுவலாம். டெபியன் அல்லது உபுண்டு, ஒரு களப்பெயர், திறந்துவைத்த யுடிபி 10000 துறை ஆகியவை அடிப்படைத் தேவை. பல வீட்டு இணைப்புகளில் தனிப் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை என்பதால் வாடகை வழங்கியே நடைமுறை. வகுப்பு நடத்த உகந்த பிக்புளூபட்டனுக்கு இன்னும் வலுவான கணினி வேண்டும். 16 ஜிபி நினைவகமும் எட்டு கருக்களும் பரிந்துரைக்கப்படுகின்றன. கூட்டுறவுச் சங்கம் போன்ற ஓர் அமைப்புக்கு இது பொருந்தலாம். தனி நெசவாளருக்குத் தேவையில்லை.

பொதுத் தளத்தைப் பயன்படுத்துவோர் அறைப் பெயரை எளிதில் ஊகிக்க முடியாதபடி வைத்து, கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் சேர்க்க வேண்டும். ‘ஆரணிபட்டு’ என்ற பெயரில் அறை திறந்தால் யாரும் தற்செயலாக உள்ளே வரலாம். புதிய டிசைனுக்கு இது வெறும் கூச்சப் பிரச்சினை அல்ல. இந்திய வடிவமைப்புச் சட்டம், 2000இன்படி, விண்ணப்பிக்கும் முன்பே பொதுவெளியில் வெளிப்பட்ட டிசைனைப் பதிவுசெய்ய முடியாது. பதிவானால் பத்து ஆண்டுகள் பாதுகாப்பும் மேலும் ஐந்தாண்டு நீட்டிப்பும் கிடைக்கும். யூடியூபில் நேரலையாகப் போகும் கூட்டத்தில் அந்த டிசைனைத் திறக்கும் முன், விண்ணப்பம் போய்விட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.