உடைத்தவர்களும் ஒட்டியவர்களும்

சென்னையிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டிக்குப் போகும் கல்கத்தா ரஸ்தாவில் நாள் முழுவதும் லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. அவற்றில் பழைய இரும்பு ஏற்றிய லாரிகளும் உண்டு. உடைந்த சைக்கிள் சட்டம், துருப்பிடித்த தகரம், நசுங்கிய பீப்பாய் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உலைகளில் அவை உருகி, வீடு கட்டும் கம்பிகளாக வெளியே வருகின்றன. இரும்புக்கு இது மறுபிறவி, நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கம்பியைப் பார்த்து, "முன் ஜன்மத்தில் நீ என்னவாக இருந்தாய்?" என்று கேட்க முடியாது.

இதே ரஸ்தாவில், சென்னைக்கு இன்னும் கிட்டத்தில், அப்படிக் கேட்க முடியாமல் போய்விட்ட சமாசாரம் ஒன்று உண்டு. செங்குன்றம் ஏரியைச் சொல்கிறேன். புழல் ஏரி என்றாலும் அதுவேதான். சென்னைவாசிகளுக்கு அது குடிதண்ணீர். 2019-ல் அது வற்றியபோது ஊரே குடமும் கையுமாக அலைந்தது. ஆனால் இரண்டாவது உலக யுத்தத்தில் அந்த ஏரி ஒரு விமான நிலையம் என்று சொன்னால், கரையில் குடியிருப்பவர்களே சிரிப்பார்கள். ஏரியில் விமானமாவது, இறங்குவதாவது!

இறங்கியது நிஜம். 1942-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ந் தேதி திருகோணமலை. சென்னைப் பட்டணம் ஒரே வாரத்தில் பாதி காலியாயிற்று. மூட்டை முடிச்சுகளுடன் ஜனங்கள் கிராமங்களுக்கு ஓடிய கதையை அநேகமாக ஒவ்வொரு பழைய குடும்பத்திலும் ஒரு பாட்டி சொல்லியிருப்பாள். எல்லோரும் பட்டணத்தை விட்டுப் போன அந்த வருஷத்தில், பட்டணத்தைத் தேடி வந்தவையும் இருந்தன. ஜூலையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ம் படைப்பிரிவு தன் கேட்டலினா விமானங்களுடன் செங்குன்றம் ஏரியில் வந்து இறங்கிற்று.

கேட்டலினா என்பது பாதி படகு, பாதி விமானம். படகு போன்ற உடலுக்கு மேலே குடை பிடித்தாற்போல் 104 அடி நீளச் சிறகு. அதில் இரண்டு எஞ்சின்கள். வேகத்தில் மந்தம். ஆனால் பொறுமையில் அதை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை கிளம்பினால் இருபது மணி நேரம் கூட இறங்காமல் சுற்றும். வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதும், கப்பல் உடைந்து தத்தளித்தவர்களைத் தூக்குவதும் அதன் வேலை. எதிரியின் கரையோரம் இருட்டில் இறங்கி ரகசிய ஆட்களை விட்டு வருவதற்கென்றே சில விமானங்கள் இங்கே தனியாக இருந்தன. இதற்கெல்லாம் திறந்த கடல் உதவாது. அலை அடங்கிய நீர் வேண்டும். நல்ல அகலமும் காவலும் உள்ள ஏரி கிடைத்தால் விடுவார்களா? சற்று வடக்கே சோழவரத்தில் சக்கரம் வைத்த விமானங்களுக்கும் ஓர் ஓடுபாதை போட்டார்கள்.

யுத்தம் முடிந்தது, விமானங்கள் போயின. ஏரி மறுபடி ஏரியாயிற்று. சோழவரம் ஓடுபாதையில் பிற்பாடு மோட்டார்ப் பந்தயம் நடந்தது. பட்டணத்துப் பிள்ளைகள் வெயிலில் நின்று கூச்சல் போட்டுவிட்டு வந்தார்கள். 1990-ல் பந்தயமும் இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிற்று.

விமானங்கள் என்ன ஆயின என்று அறிய, கடன் விவகாரம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டன் யுத்தத்தில் உபயோகித்த அமெரிக்க விமானங்கள் பெரும்பாலும் இரவல். அடுத்த வீட்டில் அண்டா வாங்கிக் கல்யாணம் நடத்துவது போலத்தான். விருந்து முடிந்ததும் அண்டாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது விலை கொடுக்க வேண்டும். இங்கே மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது, அண்டாவை உடைத்துவிடலாம்! திருப்பி அனுப்பக் கப்பல் கூலி அதிகம், வாங்கப் பணமில்லை. ஆகவே உடைத்தார்கள்.

இந்தியாவில் இருந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் கொண்டுபோய்க் குவித்தார்கள். நாலு எஞ்சின், 110 அடி சிறகு, பத்துப் பேர் ஏறும் பெரிய யந்திரம். யுத்த காலத்தில் 18,000-க்கு மேல் செய்தார்கள். ஃபோர்டு கம்பெனியின் ஒரு தொழிற்சாலையில் மட்டும் மணிக்கு ஒன்று வீதம் வெளிவந்த காலமும் உண்டு. அவற்றை இனி எவரும் பறக்க விடக் கூடாது என்று எஞ்சினுக்குள் மணலைக் கொட்டினார்கள், கருவிகளை நொறுக்கினார்கள், புல்டோசரை விட்டு இடித்தார்கள். லிபரேட்டர் என்றால் விடுதலை தருவோன் என்று அர்த்தம். விடுதலை பெறவிருந்த தேசத்தில் அந்தப் பெயருள்ள விமானத்துக்கு இந்த கதி.

சுதந்திர இந்தியாவின் விமானப்படைக்குக் கனத்த குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வாங்கக் காசும் இல்லை. பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் தொழிற்சாலை இருந்தது. 1940-ல் வால்சந்த் ஹீராசந்த் ஆரம்பித்தது; யுத்த காலத்தில் அமெரிக்கர் நடத்தினார்கள். அங்கே பழுது பார்க்க வந்தவற்றில் முக்கியமானவை எவை தெரியுமா? நம் கேட்டலினாக்களேதான். தொழிற்சாலைக்கு அருகே பெல்லந்தூர் ஏரியில் அவை இறங்கும்; கரையேற்றிப் பிரித்து மேய்வார்கள். கேட்டலினாவின் எஞ்சினும் லிபரேட்டரின் எஞ்சினும் ஒரே குடும்பம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசிய தொழிலாளிகளுக்கு அந்த எஞ்சினின் நாடி அத்துபடி.

1948-ல் கான்பூர்க் குப்பைமேட்டில் வேலை ஆரம்பமாயிற்று. ஒன்றின் சிறகை எடுத்து இன்னொன்றில் மாட்டி, இன்னொன்றின் எஞ்சினை மூன்றாவதில் ஏற்றி, பெங்களூர் வரை போனால் போதும் என்ற அளவுக்கு ஒவ்வொன்றாகத் தேற்றினார்கள். அப்படி ஒட்டுப்போட்டதை ஆயிரம் மைலுக்குச் சற்றுக் குறைந்த தூரம் யாராவது ஓட்டி வர வேண்டுமே! ஜம்ஷெட் முன்ஷி என்ற பார்ஸி விமானி ஓட்டி வந்தார். ஒருமுறை செய்தால் துணிச்சல்; மீண்டும் மீண்டும் கான்பூருக்குத் திரும்பிப் போய் அடுத்ததில் ஏறி உட்கார்ந்தாரே, அதற்கு என்ன பெயர் சொல்வது? 1951-ல் நம் நாட்டிலேயே வரைந்து செய்த ஹெச்.டி.-2 விமானத்தை முதன்முதல் பறக்கவிட்டவரும் அவரே.

பெங்களூரில் முழு வைத்தியம் நடந்தது. 1948 நவம்பரில் விமானப்படையின் 5-வது படைப்பிரிவு லிபரேட்டர்களுடன் தொடங்கிற்று. மொத்தம் ஏறத்தாழ 40 விமானங்கள் பிழைத்தன. பிற்பாடு 6-வது படைப்பிரிவு அவற்றை வைத்துக்கொண்டு நம் கடலைக் காவல் காத்தது. பிறந்த தேசமான அமெரிக்கா என்றோ கைகழுவிவிட்ட அவற்றை இந்தியா 1968 வரை ஓட்டிற்று. உலகத்தில் கடைசியாக லிபரேட்டரைப் படையில் வைத்திருந்த தேசம் நம்முடையதுதான்.

அப்போதுதான் வெளிநாட்டு மியூசியங்கள் விழித்துக்கொண்டன. அவர்களிடம் லிபரேட்டர் இல்லை, எல்லாம் உருக்கியாயிற்று. கனடாவுக்கு 1968-லும், அமெரிக்காவின் டூஸான் நகரத்துக்கு 1969-லும், இங்கிலாந்துக்கு 1974-லும் ஒவ்வொரு விமானம் போயிற்று. பெட்டியில் அடைத்து அல்ல; புல்டோசர் இடித்த உடம்போடு, தாமே பறந்து போயின. இன்று உலகத்தில் முழு உருவில் மிஞ்சிய சொற்ப லிபரேட்டர்களில் ஐந்தாறு இந்தியாவில் ஊழியம் செய்தவை.

அவற்றில் ஒன்றை 1981-ல் ஓர் ஆங்கிலேயர் வாங்கிச் சென்றார். 1984-ல் அது அமெரிக்காவில் காலிங்ஸ் ஸ்தாபனத்தின் கைக்கு வந்தது. பார்வைக்கு மட்டும் நிறுத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பழைய லிபரேட்டர் வீரர்கள் விடவில்லை. பறந்தால்தான் ஆயிற்று என்றார்கள். சம்பளம் வாங்கிய மெக்கானிக்குகளோடு சம்பளம் வாங்காத தொண்டர்களும் சேர்ந்தார்கள். மொத்தம் 97,000 மணி நேர உழைப்பு என்று கணக்கு. 4,20,000 ரிவிட்டுகளை மாற்றினார்கள். 1989-ல் அது மறுபடி ஆகாயம் ஏறிற்று. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னுக்கு அருகே வெரிபீயில் இன்னொரு தொண்டர் கூட்டம் இருக்கிறது. பல வருஷம் ஒரு வீட்டுக் கொல்லையில் கிடந்த லிபரேட்டர் உடலையும், நியூ கினியில் விழுந்த வேறொன்றின் சிறகுகளையும் சேர்த்து, 1990-களிலிருந்து சேவை செய்து வருகிறார்கள். ஓய்வு பெற்ற மனிதர்கள், வீட்டில் காப்பியைக் குடித்துவிட்டு வந்து, துருவைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். கூலி கிடையாது. அவர்களைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்ட பைத்தியம் நமக்கும் கொஞ்சம் பிடித்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

நம்மவர்கள் செய்ததை அவர்களே வரலாறாகக் கருதவில்லை. மாதச் சம்பளத்துக்குச் செய்த வேலை. சனிக்கிழமை சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போனார்கள். முன்ஷியின் பெயராவது புத்தகங்களில் இருக்கிறது. மணலை விரலால் தோண்டி எடுத்தவர்கள், நசுங்கிய தகட்டைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தியவர்கள் யார் யார்? அமெரிக்காவில் 4,20,000 ரிவிட்டுகளை மாற்றினார்களே, மாற்றாமல் விட்டவற்றில் சில பெங்களூரில் அடித்தவையாக இருக்கக் கூடும். அவற்றில் ஊர்ப் பெயர் பொறித்திருக்காது. உடைத்தவன் செய்ததற்கு உத்தரவுக் காகிதம் இருக்கும். ஒட்டியவன் செய்ததற்கு அந்த விமானமேதான் சாட்சி. விமானம் போய்விட்டால் சாட்சியும் போயிற்று, செங்குன்றத்தில் போனது போல.

தில்லிக்குப் போகிறவர்கள் குதுப்மினாரைப் பார்க்கிறார்கள், செங்கோட்டையைப் பார்க்கிறார்கள், கரோல்பாக்கில் கம்பளி வாங்குகிறார்கள். பாலத்தில் விமானப்படை மியூசியம் ஒன்று இருக்கிறது. அங்கே ஹெச்.ஈ. 924 என்ற எண்ணிட்ட லிபரேட்டர் ஒன்றை நமக்கென்று வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அருகில் போய், அந்தத் தகடுகளில் ரிவிட் வரிசை எங்கே சற்றுக் கோணலாகப் போகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.