மரத்தைத் தழுவுமுன்: தசோலி கிராம சுயராஜ்ய சங்கத்தின் தொண்டும் அதன் வரலாற்றுப் பாடமும்

முன்னுரை

இமயமலைச் சாரலில் பெண்கள் மரங்களைக் கட்டித் தழுவி வெட்டுவோரிடமிருந்து காத்தனர் என்னும் செய்தி இன்று உலகறிந்த ஒன்று. 'சிப்கோ' என்னும் இந்திச் சொல்லுக்கு 'ஒட்டிக்கொள்' என்று பொருள். சுற்றுச்சூழல் பற்றிப் பேசும் மேடைகளிலும் பாடநூல்களிலும் இந்நிகழ்ச்சி திரும்பத் திரும்ப எடுத்துரைக்கப்படுகிறது. ஆயின், அவ்வாறு எடுத்துரைக்கப்படும்போது, அவ்வியக்கம் பிறப்பதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே அம்மலைப்பகுதியில் தொடங்கப்பெற்று, அதற்குத் தாய்வீடாக விளங்கிய ஒரு சிறு தொண்டு நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அந்நிறுவனமே தசோலி கிராம சுயராஜ்ய சங்கமாகும்.

மக்களின் வாழ்வை உயர்த்துவதும் இயற்கையைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று கருதுவோர் உண்டு. இவ்விரண்டும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்பதை இச்சங்கம் எவ்வாறு தன் பட்டறிவினால் கண்டடைந்தது என்பதையும், அவ்வறிவு பின்னாளில் எவ்வாறு திரிந்து அம்மக்களுக்கே பாதகமாக முடிந்தது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சங்கத்தின் தோற்றம்

கட்வால் மலைப்பகுதியின் சமோலி மாவட்டம் அன்று உத்தரப் பிரதேச மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் தனி மாநிலம் உருவானபின் அது இன்றைய உத்தராகண்டைச் சேர்ந்ததாயிற்று. அம்மாவட்டத்தின் கோபேசுவர் என்னும் ஊரில் 1934இல் பிறந்தவர் சண்டி பிரசாத் பட். தொடக்கத்தில் அவர் ஒரு பேருந்து நிறுவனத்தில் பயணச்சீட்டுப் பதிவு எழுத்தராகப் பணியாற்றினார். 1956இல் செயப்பிரகாசு நாராயணின் உரையைக் கேட்டபின் காந்தியடிகள், வினோபா பாவே ஆகியோரின் சர்வோதய நெறியில் ஈடுபாடு கொண்டு, பின்னர் வேலையைத் துறந்து முழுநேரத் தொண்டரானார்.

1962ஆம் ஆண்டின் இந்திய - சீனப் போருக்குப்பின் எல்லையை ஒட்டிய அப்பகுதியில் சாலைகள் விரைந்து அமைக்கப்பட்டன. சாலைகள் வந்தன, அவற்றின் வழியே சமவெளியைச் சேர்ந்த குத்தகைக்காரர்களும் வந்தனர். மலையில் எட்டாதிருந்த காடுகள் அவர்தம் கோடரிக்கு எட்டின. உள்ளூர் மக்களுக்கோ நாட்கூலியே மிஞ்சியது. பலர் பிழைப்புத்தேடி மலையை விட்டு இறங்கினர். ஆடவர் சமவெளிக்குச் செல்ல, வயலும் கால்நடையும் விறகும் தண்ணீரும் பெண்களின் தோளில் விழுந்தன.

இச்சூழலில் பட்டும் அவருடைய தோழர்களும் முதலில் ஒரு தொழிலாளர் கூட்டுறவு அமைப்பையும், பின்னர் 1964இல் தசோலி கிராம சுயராஜ்ய சங்கத்தையும் நிறுவினர். வேளாண் கருவிகள் செய்யும் பட்டறை, பைன் மரப் பிசினைக் காய்ச்சி டர்பன்டைன் எடுக்கும் சிறு ஆலை, மூலிகை சேகரிப்பு எனச் சங்கத்தின் தொழில்கள் யாவும் காட்டுப்பொருள்களைச் சார்ந்தே அமைந்தன. இங்கு நாம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். மரத்தை எவரும் தொடலாகாது என்று கூறுவதற்காக இச்சங்கம் தோன்றவில்லை. தம் ஊர்க் காட்டின் பயன் முதலில் தம் ஊராருக்குக் கிட்டவேண்டும் என்பதே அதன் தொடக்கக் கோரிக்கையாகும்.

இக்கோரிக்கைக்கு வனத்துறையின் நடைமுறைகளே தடையாயின. ஏலங்களில் செல்வமிக்க குத்தகைக்காரரோடு சிறு சங்கத்தால் போட்டியிட இயலவில்லை. சமவெளியிலிருந்த பெரிய ஆலைக்குப் பிசின் குறைந்த விலையில் வழங்கப்பட, மலைவாழ் மக்களின் சிற்றாலைகள் மூலப்பொருளின்றித் தவித்தன. ஆங்கிலேயர் காலத்தில் வகுக்கப்பட்ட வனக்கொள்கை, விடுதலைக்குப் பின்னும் அடிப்படையில் மாறாமல் தொடர்ந்ததன் விளைவு இது.

1970ஆம் ஆண்டு வெள்ளம்

1970ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அலக்நந்தா ஆற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டது. பாலங்களும் வீடுகளும் விளைநிலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. 1893இல் ஏற்பட்ட மலைச்சரிவினால் பிரகி கங்கையின் குறுக்கே உருவாகி, மறு ஆண்டில் ஒரு பகுதி உடைந்தபின் எஞ்சியிருந்த கோனா ஏரியும் இவ்வெள்ளத்தில் தூர்ந்துபோயிற்று. வெள்ளம் கொணர்ந்த வண்டல், நெடுந்தொலைவிலுள்ள சமவெளிக் கால்வாய்களையும் அடைத்தது.

சங்கத்தின் தொண்டர்கள் துயர் துடைக்கும் பணியில் இறங்கினர். உணவும் உடையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்ற அவர்கள், எவ்வெவ்விடங்களில் மலை சரிந்துள்ளது, எவ்வெவ்விடங்களில் சரியவில்லை என்பதைக் கண்ணாரக் கண்டனர். மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்ட சரிவுகளிலேயே அழிவு மிகுந்திருந்தது என்பதை உணர்ந்தனர். மலையை அறிந்த முதியோரும் பெண்களும் அதனையே உரைத்தனர். இக்கண்டறிதல்களைத் தொகுத்துச் சங்கம் அரசுக்குத் தெரிவித்தது. உரிய மறுமொழி கிட்டவில்லை.

சங்கத்தின் வரலாற்றில் இதனைத் திருப்புமுனையாக நாம் கருதுகிறோம். அதுவரை காடு என்பது வருவாய்க்குரிய மூலப்பொருளாக இருந்தது. வெள்ளத்திற்குப்பின் அதுவே மண்ணையும் நீரையும் ஊரையும் பிடித்துநிறுத்தும் அரணாகவும் புரிந்துகொள்ளப்பட்டது. இப்புரிதல் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. துயர் துடைக்கச் சென்ற கால்களின் வழியே வந்ததாகும். இமயமலையில் மண்சரிவுக்கு நில அமைப்பும் மழையும் நிலநடுக்கமும் காரணங்களாகும் என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயினும், வெறுமையாக்கப்பட்ட சரிவுகள் ஊறுபாட்டை மிகுவிக்கின்றன என்னும் உள்ளூர் மக்களின் முடிவு அதனால் வலுவிழந்துவிடவில்லை.

மண்டல் முதல் ரேணி வரை

1973ஆம் ஆண்டில், உழுகருவிகள் செய்வதற்காகப் பத்து ஆஷ் மரங்களைத் தருமாறு சங்கம் விடுத்த வேண்டுகோளை வனத்துறை மறுத்தது. எடை குறைந்ததும் உறுதியானதுமான அம்மரம் நுகத்தடி செய்வதற்கு ஏற்றது. ஆனால், விளையாட்டுப் பொருள்கள் செய்யும் சைமன் நிறுவனத்திற்கு முந்நூறு ஆஷ் மரங்கள் ஒதுக்கப்பட்டன. உழவனின் நுகத்தடிக்கு இல்லாத மரம் டென்னிசு மட்டைக்கு இருந்தது என்பதே மக்களைச் சினங்கொள்ளச் செய்தது.

மரங்களைத் தழுவிக்கொள்வோம் என்னும் எண்ணம் இவ்வேளையில் சங்கத்தின் கூட்டத்தில் உருப்பெற்றது. 1973 ஏப்பிரல் 24ஆம் நாள் மண்டல் என்னும் ஊரில் மக்கள் பறையொலி எழுப்பித் திரண்டனர். நிறுவனத்தின் ஆட்கள் திரும்பிச் சென்றனர். பின்னர் கேதார்நாத் பள்ளத்தாக்கிலுள்ள பாட்டா பகுதியில் மரங்கள் ஒதுக்கப்பட்டபோது அங்கும் எதிர்ப்பு எழுந்தது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததே பெரும்புகழ் பெற்ற ரேணி நிகழ்ச்சியாகும். ரேணிக் காட்டில் ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம் விடப்பட்டிருந்தன. 1974 மார்ச் 26ஆம் நாள், படைத்துறைக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட நிலங்களுக்கு இழப்பீடு தருவதாகக் கூறி ஊர் ஆடவர் சமோலிக்கு அழைக்கப்பட்டனர். சங்கத் தொண்டர்களும் அதிகாரிகளைச் சந்திப்பதற்காகக் கோபேசுவரில் தங்க நேர்ந்தது. அவ்வேளை பார்த்து மரம் வெட்டுவோர் காட்டை நோக்கிப் புறப்பட்டனர். ஊர் மகளிர் மன்றத்தின் தலைவியான கௌரா தேவி இருபத்தேழு பெண்களையும் சிறுமியரையும் திரட்டிக்கொண்டு சென்று அவர்களை மறித்தார். அச்சுறுத்தலுக்கு அஞ்சாமல் அப்பெண்கள் இரவெல்லாம் காவல் இருந்தனர்.

இதன்பின் மாநில முதலமைச்சர் ஏமவதி நந்தன் பகுகுணா, தாவரவியல் அறிஞர் வீரேந்திர குமார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். அக்குழுவின் பரிந்துரையை ஏற்று, அலக்நந்தாவின் மேல்நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏறத்தாழ 1,200 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் பத்தாண்டுகளுக்கு மரம் வெட்டுதல் தடைசெய்யப்பட்டது.

ஆடவரும் தொண்டரும் இல்லாத வேளையிலேயே ரேணிக் காடு காக்கப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. சங்கம் பரப்பிய கருத்து, சங்கத்தின் துணையின்றியே செயற்படும் நிலையை எய்தியிருந்தது. ஒரு தொண்டு நிறுவனத்தின் பணிக்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை.

நடுதலும் பேணுதலும்

மறிப்பதோடு சங்கம் நின்றுவிடவில்லை. 1970களின் நடுப்பகுதி முதல் சூழல் மேம்பாட்டு முகாம்களை நடத்தத் தொடங்கியது. ஊர்மக்களும் மாணவர்களும் தொண்டர்களும் ஒன்றுகூடிச் சரிந்த மலைப்பக்கங்களில் கற்சுவர் எழுப்பினர்; மரக்கன்று நட்டனர். எந்த மரத்தை நடுவது என்பதைப் பெண்களிடம் கேட்டு அறிந்தனர். விறகும் தீவனமும் தரும் மரங்களையே அவர்கள் விரும்பினர். வேலியிட்ட நிலத்தில் வளர்ந்த புல்லும் ஊராரின் பயனுக்கே உரியதாயிற்று. இவ்வாறு நடப்பட்ட கன்றுகள், அரசுத் துறையினர் நட்டவற்றைக் காட்டிலும் மிகுதியாகப் பிழைத்தன என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். தமக்கு உரிமையுள்ளதையே மக்கள் பேணுவர் என்பதற்கு இது சான்றாகும்.

இப்பணி எப்போதும் ஊர் முழுமைக்கும் இசைவாய் அமைந்துவிடவில்லை. 1980இல் டுங்ரி - பைதோலி என்னும் ஊரில் ஓக் மரக்காட்டை அழித்து உருளைக்கிழங்கு விதைப்பண்ணை அமைக்க அரசு முனைந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் மின்சாரமும் கிட்டும் என்னும் உறுதிமொழியை நம்பி ஊர் ஆடவர் உடன்பட்டனர். விறகுக்கும் தீவனத்திற்கும் இன்னும் பல கல் தொலைவு நடக்க நேருமே என்று பெண்கள் எதிர்த்தனர். தம் கணவன்மாரையும் ஊர்த்தலைவர்களையும் எதிர்த்து நின்ற அப்பெண்களுக்குச் சங்கத்தினர் துணைநின்றனர். காடு தப்பியது. 'ஊர்' என்று நாம் ஒற்றைச் சொல்லால் குறிப்பிடுவதற்குள் இரு வேறு நலன்கள் அடங்கியுள்ளன என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக உணர்த்துகிறது.

சண்டி பிரசாத் பட்டுக்கு 1982இல் மகசேசே விருதும், 2013ஆம் ஆண்டுக்குரிய காந்தி அமைதி விருதும் வழங்கப்பெற்றன. சிப்கோ இயக்கம் 1987இல் சுவீடனின் நல்வாழ்வு உரிமை விருதைப் பெற்றது. அவ்வியக்கத்தின் செய்தியை நெடும்பயணங்களாலும் உண்ணாநோன்புகளாலும் உலகெங்கும் கொண்டுசேர்த்த சுந்தர்லால் பகுகுணா 2021இல் மறைந்தார்.

வெற்றியின் மறுபக்கம்

இவ்வரலாறு வெற்றியோடு முடிவதாயின் எழுதுவோர்க்கு எளிது. உண்மை அவ்வாறில்லை. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் வனநிலத்தைப் பிற பணிகளுக்குப் பயன்படுத்தும் அதிகாரத்தை நடுவண் அரசின் இசைவுக்கு உட்படுத்தியது. சிற்றூர்ச் சாலைகளும் குடிநீர்த் திட்டங்களும் இவ்விசைவுக்காகக் காத்துக்கிடந்தன. அதன் விளைவாக 1980களின் இறுதியில் அதே மலைநாட்டில், வளர்ச்சிப் பணிகளுக்குத் தடையாக நின்ற மரங்களை வெட்டும் எதிர்ப்பியக்கமும் தோன்றியது.

ரேணியின் கதை இதனினும் வருந்தத்தக்கது. நந்தா தேவி மலைப்பகுதி 1982இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின் ரேணி, லாட்டா முதலிய ஊர்களின் மக்கள் தம் மரபுவழி மேய்ச்சல் நிலங்களையும், மலையேறுவோர்க்குச் சுமை தூக்கியும் வழிகாட்டியும் பெற்ற வருவாயையும் இழந்தனர். காட்டைக் காத்தவர்களே காட்டினின்றும் விலக்கப்பட்டனர். இழந்த உரிமைகளைக் கோரி 1998இல் லாட்டா மக்கள் கிளர்ந்தெழுந்தனர்.

2021 பிப்பிரவரி 7ஆம் நாள், ரோந்தி மலைமுகட்டிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து வீழ்ந்ததால் ரிசிகங்கை ஆற்றில் வெள்ளம் பெருகியது. ரேணிக்கு அருகிலிருந்த நீர்மின் திட்டம் அழிந்தது. கீழேயிருந்த மற்றொரு திட்டத்தின் சுரங்கத்தில் தொழிலாளர் சிக்கினர். இருநூறு பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். ரேணி மக்கள் அந்நீர்மின் திட்டத்தினால் விளையும் கேடுகள் குறித்து 2019ஆம் ஆண்டிலேயே உயர் நீதிமன்றத்தை நாடியிருந்தனர். 1970இல் மறுமொழி கிட்டாத எச்சரிக்கைக்கும் இதற்கும் இடையே அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகளை நாம் பெறலாம். முதலாவது, மக்களின் பிழைப்பிலிருந்து தொடங்கிய தொண்டே இயற்கையைக் காக்கும் வலிமையைப் பெற்றது. இரண்டாவது, அவ்வலிமைக்கு அடிப்படையான அறிவு, காட்டோடு நாள்தோறும் பழகிய பெண்களிடமும் துயர்ப்பணி ஆற்றிய தொண்டர்களிடமும் திரண்டது. மூன்றாவது, காட்டைக் காக்கும் பொறுப்பைச் சட்டம் தன் கையில் எடுத்துக்கொண்டு மக்களின் உரிமையைக் கைவிட்டபோது, காவலர்களாக நின்றோர் மனுதாரர்களாக மாறினர்.

இவ்வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மரத்தைத் தழுவிய அந்த ஒரு காட்சியோடு நிறுத்திக்கொள்ளுதல் போதாது. அதற்கு முன்னிருந்த பிசின் ஆலையையும், மறுக்கப்பட்ட பத்து மரங்களையும், அதற்குப் பின்வந்த கற்சுவர்களையும் மரக்கன்றுகளையும், மேய்ச்சல் நிலத்தை இழந்த ஊரையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். அப்போதுதான் தொண்டு என்பது ஒரு நாள் வீரச்செயலன்று, தலைமுறை கடந்து தொடரவேண்டிய உழைப்பு என்பது மாணவர் மனத்தில் பதியும்.