சுறாவுக்குப் பந்தி வைத்தது யார்?

சுறா ஆளைக் கடித்தது என்று செய்தி வந்தால் எல்லோரும் சுறாவைத்தான் திட்டுகிறார்கள். நான் வேறு கேள்வி கேட்கிறேன். கரையோரத்தில் அதற்குச் சாப்பாடு போட்டது யார்?

தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரத்துக் கதையைப் பாருங்கள். அது எங்களுக்கு அந்நியமான ஊரில்லை. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலேறி கரும்புத் தோட்டங்களுக்குப் போன சனங்களோடு தொடங்கியது அங்குள்ள தமிழரின் வரலாறு. ஒப்பந்தம் முடிந்தபின் சிலர் அந்தக் குடாவில் வலை வீசித்தான் பிழைத்தார்கள்.

1908இல் அங்கே திமிங்கில வேட்டை தொடங்கி 1975 வரை நடந்தது. செத்த திமிங்கிலங்களைக் கப்பல்கள் கடல்வழியே இழுத்துவரும். துறைமுகத்தில் கரையேற்றி, றெயிலில் வைத்து, புளவ் குன்றின் கடற்பக்கத்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோவார்கள். இழுத்துவந்த வழியெல்லாம் இரத்த வாடை. சுறாக்கள் அதன் பின்னாலேயே வரும். ஓரிடத்தில் திரும்பத் திரும்ப இரை கிடைத்தால் அந்த இடம் அதற்குப் பழகிவிடும்.

1943க்கும் 1951க்கும் இடையில் டேர்பன் கரையில் 7 பேர் சுறாவுக்குப் பலியானார்கள். 1952இல் வலை கட்டினார்கள். அது வேலியல்ல, சுறாவைப் பிடித்துக் கொல்லும் வலை. ஆமையும் டொல்பினும் சேர்ந்தே சாகின்றன.

வலையில்லாத தெற்குக் கரையில் 1957 டிசம்பர் முதல் 1958 ஏப்ரல் வரை 9 தாக்குதல்கள், 6 மரணங்கள். திமிங்கில வேட்டையையும் குற்றம் சொன்னார்கள். பழி முழுவதும் அதற்கல்ல, மழைக்கால ஆறுகள் கலக்கிய தண்ணீரும் காரணம் என்றார்கள். கடற்படை வந்து குண்டு போட்டது. செத்தது 8 சுறாக்கள்தானாம். குண்டில் செத்து மிதந்த மீன்களைத் தின்ன இன்னும் பல சுறாக்கள் வந்து சேர்ந்தன! கடலில் எதைக் கொட்டினால் என்ன வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வலை கட்டியபின் டேர்பனில் உயிர்ச்சேதம் நின்றது உண்மை. ஆனால் திமிங்கில வேட்டை அதன்பிறகும் 23 வருடம் நடந்தது. இலாபம் கொம்பனிக்கு, சாவு ஆமைக்கும் டொல்பினுக்கும்.

இன்றைக்கு அந்தக் கரையில் செத்த திமிங்கிலம் ஒதுங்கினால் குளிப்பதைத் தடுத்துவிட்டு உடலை அகற்றுகிறார்கள். மத்தி மீன் கூட்டத்தின் பின்னால் சுறாக்கள் வரும் காலத்தில் வலையையே தூக்கிவிடுகிறார்கள். சுறாவைக் கொல்வதைவிட அதன் வழியை அறிந்து நடப்பது மலிவு என்பது பிந்தித்தான் விளங்கியது.

எங்கள் ஆட்களும் இப்போது பல நாட்டுக் கரைகளில் தூண்டில் போடுகிறோம். மீன் குடலைப் பிள்ளைகள் குளிக்கிற இடத்தில் எறியாதீர்கள். எறிந்துவிட்டுச் சுறாவைத் திட்டாதீர்கள்.