லோயர் முடிச்சாச்சு, அடுத்து என்ன?

போன வாரம் அண்ணன் மகள் ஒரு கேள்வியோடு வந்தாள். "சித்தப்பா, டைப்பிங்ல தமிழ், இங்கிலீஷ் ரெண்டு லோயரும் பாஸ். அடுத்து ஹையரா, ஷார்ட்ஹேண்டா, இல்ல கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷனா?"

1996-ல் இதே புதுக்கோட்டையில் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். அன்று தவறாகத் தேர்ந்தெடுத்தேன். அதனால்தான் இந்தக் குறிப்பு.

எங்கள் ஊர் பல காலமாகவே ஆபீஸ் ஊர். 1948 மார்ச் 3 வரை இது தனி சமஸ்தானம். திவான், கச்சேரி, குமாஸ்தா எல்லாம் இங்கேயே உண்டு. பிறகு திருச்சி மாவட்டத்தில் சேர்ந்து, 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டம் ஆனது. மன்னரின் புது அரண்மனைதான் இன்று கலெக்டர் ஆபீஸ். அதனால் பள்ளி முடித்த பிள்ளைகளை டைப்பிங்குக்கு அனுப்புவது இங்கே கிட்டத்தட்ட ஒரு வீட்டு வழக்கம்.

தமிழ் மெஷினுக்குத் தனிக் கதை உண்டு. 247 எழுத்தை நாற்பது சொச்சம் விசைக்குள் அடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா பக்கம் போய் வாழ்ந்த ஆர். முத்தையா அதைச் செய்து காட்டினார். அவர் வடிவமைத்த மெஷின் ஜெர்மனியில் தயாரானது. புள்ளி விசையைத் தட்டினால் புள்ளி மட்டும் விழும், காகிதம் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதன் கீழே வந்து உட்காரும். 'ய ள ன க' பழகிய விரல்களுக்கு இது தெரியும்.

1956-ல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. கோப்புகள் மெல்ல மெல்லத் தமிழுக்கு மாறின. எங்கள் மாஸ்டர் சொன்னதும் அதைத்தான்: "தம்பி, ஃபைல் தமிழ்ல ஓடுது. மொதல்ல தமிழ் ஹையர் அடி." லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அந்த 15 வார்த்தைக்கு மாதக்கணக்கில் உழைக்கணும்.

நான் கேட்கவில்லை. அம்மாவின் தோட்டை அடகு வைத்து, ஒரு தனியார் சென்டரில் கம்ப்யூட்டர் டிப்ளமோ சேர்ந்தேன். வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ். அந்தச் சான்றிதழ் கைக்கு வரும்போதே ஊரெல்லாம் விண்டோஸ். தட்டச்சர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போனால் என் லோயர் இரண்டும் பற்றவில்லை. மூன்று வருஷம் கழித்து அதே மாஸ்டரிடம் போய் நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மெஷினைக் காட்டினார்.

டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் பதவிக்கு விதி இதுதான்: தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் இருந்தால் முன்னுரிமை. ஒன்றில் ஹையர், மற்றதில் லோயர் என்றால் அடுத்த வரிசை. இரண்டும் லோயர் என்றால் கதவு திறக்காது. சுருக்கெழுத்துத் தட்டச்சர் ஆக வேண்டுமென்றால் டைப்பிங்கோடு சுருக்கெழுத்தும் வேண்டும். டைப்பிங்குக்கு அது மாற்று கிடையாது. ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழை வேலையில் சேர்ந்த பிறகு, தகுதிகாண் பருவத்துக்குள்கூட முடிக்கலாம். ஆக, எது புதுசு என்று பார்ப்பதைவிட எது இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள் என்று பார்த்தால் வரிசை தானாக வந்துவிடும்.

இதில் ஒரு விசித்திரம். கோத்ரெஜ் 2009 வாக்கில் டைப்ரைட்டர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. மெஷின் போனது, சான்றிதழ் நின்றது. 1999-ல் அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. அதில் விசைகளின் இடமே வேறு. பழைய தட்டச்சு முறையில் பழகிய விரலுக்கு அது மறுபடியும் அரிச்சுவடி.

அந்த டிப்ளமோ முழுக்க வீண் என்றும் சொல்லமாட்டேன். பின்னாளில் ஆபீசில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தபோது பயப்படாமல் உட்கார்ந்தவன் நான்தான். ஆனால் என்னை அந்த நாற்காலி வரை கொண்டுபோனது தமிழ் ஹையர்.

அண்ணன் மகளிடம் இப்படிச் சொன்னேன்: "ஆகஸ்ட் பரீட்சைக்குத் தமிழ் ஹையர். அடுத்த பிப்ரவரிக்கு இங்கிலீஷ் ஹையர். ஆட்டோமேஷன் அதுக்கப்புறம். வீட்ல தெனம் அரை மணி நேரம் தமிழ்99."

"ஷார்ட்ஹேண்ட்?"

"ரெண்டு ஹையரும் கையில வரட்டும்மா. அப்புறம் பேசுவோம்."