சிமிழுக்குள் குருத்து

சில மாதங்களுக்கு முன்பு நம் துறையின் ஆசிரியர் அறைக்கு ஒரு சிறு சிமிழ் வந்து சேர்ந்தது. பணி ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகளே எஞ்சியுள்ள பேராசிரியை ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் மகள் அனுப்பியதாகச் சொல்லி அதை நம் பக்கம் நகர்த்தினார். முகச் சுருக்கம் போக்கும் களிம்பு. மேலட்டையில் ஓர் ஆப்பிள் படம். அதனடியில் தாவர ஸ்டெம் செல் அடங்கியது என்ற அறிவிப்பு. “ஸ்டெம் செல்லுக்குக் குருத்தணு என்று கலைச்சொல் வகுப்பில் சொல்லித் தருகிறீர்களே, இதற்குள் குருத்து இருக்கிறதா?” என்று கேட்டார். மனிதக் குருத்தணுவின் பெயரிலும் களிம்புகள் விற்கின்றனவாம். இரண்டில் எது மேலானது என்பது அவருடைய அடுத்த கேள்வி. நாம் தமிழ் படித்தவர்கள். உடனே விடை சொல்ல இயலவில்லை. பின்னர் தேடிப் படித்ததில் அறிந்தவற்றை, நமக்குப் பழக்கமான சொல்லின் வழியே தொடங்கி, இங்கே தொகுத்துக் கொள்கிறோம்.

ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868இல் ‘ஷ்டம்செல்லெ’ என்ற சொல்லைக் கையாண்டார். அம்மொழியில் குலமரத்துக்கு ‘ஷ்டம்பாம்’ என்று பெயர். அந்த மரத்தின் அடியில் நிற்கும் முதல் மூதாதையை, எல்லா உயிர்களுக்கும் முன்னோடியான ஓரணு உயிரை, அவர் அச்சொல்லால் குறித்தார். 1877இல் கருவுற்ற முட்டைக்கும் அதே பெயரை நீட்டித்தார். பரம்பரையைக் குறித்த சொல் இவ்வாறு உடலுக்குள் இறங்கியது. 1961இல் டொரண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்கல்லக் ஆகிய இருவரும் சுண்டெலிகளின் மண்ணீரலில் தோன்றிய சிறு முடிச்சுகளை ஆராய்ந்தபோது, தன்னையும் பெருக்கிக்கொண்டு பல வகை இரத்த அணுக்களையும் ஈனக்கூடிய உயிரணு எலும்பு மச்சையில் உண்டு என்பதற்குச் சோதனைச் சான்று கிடைத்தது.

தமிழில் குருத்தணு என்று ஆக்கியவர் எவராயினும் தென்னந்தோப்பை அறிந்தவராகவே இருந்திருக்க வேண்டும். தென்னைக்கும் பனைக்கும் வளரும் நுனி ஒன்றே. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து அந்த நுனி வரை சென்றுவிட்டால், அடிமரம் எத்தனை உறுதியாக நின்றாலும் மரம் பட்டுப்போகும். இனி வரப்போகும் ஓலை, பாளை, குலை அனைத்தும் அந்த ஒரு புள்ளியிலிருந்தே பிறந்தாக வேண்டும். கார்ல் நேகெலி 1858இல் ‘மெரிஸ்டெம்’ என்று பெயரிட்ட ஆக்குதிசு இதுதான். ஆக, தாவரக் குருத்தணு என்பது வணிகர்களின் கற்பனையன்று, உண்மையாகவே உள்ளது.

தாவரங்களுக்கு மற்றொரு ஆற்றலும் உண்டு. தனித்த தாவர உயிரணு ஒன்றிலிருந்து முழுச் செடியையே வளர்க்க இயலும் என்று காட்லீப் ஹாபர்லான்ட் 1902இல் முன்மொழிந்தார். அவரால் அதைச் செய்துகாட்ட முடியவில்லை. 1958இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்டும் அவருடைய குழுவினரும் கேரட்டின் உயிரணுக்களை வளர்ப்பு நீரில் இட்டு, வேரும் தண்டும் கொண்ட செடிகளை வளர்த்துக் காட்டினர். கலிபோர்னிய மலைகளில் 4,800 ஆண்டுகளைக் கடந்த பிரிஸ்டில்கோன் பைன் மரம் இன்னும் துளிர்க்கிறது. இத்தகைய இளமையில் ஒரு துளி நம் முகத்துக்கும் கிட்டாதா என்ற ஆசை எழுவது இயல்பே.

ஒப்பனைத் தொழில் தாவர உயிரணு வளர்ப்பை முதலில் நாடியது இளமைக்காக அன்று, நிறத்துக்காக. ஜப்பானில் ‘முராசாகி’ என்னும் செடியின் வேரிலிருந்து ஷிகோனின் என்ற செந்நீலச் சாயம் எடுப்பார்கள். 1980களின் முற்பகுதியில் மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனம் அச்செடியின் உயிரணுக்களைப் பெருந்தொட்டிகளில் வளர்த்து அச்சாயத்தை உற்பத்தி செய்தது. கானெபோ நிறுவனம் அதைக்கொண்டு உதட்டுச்சாயம் செய்து விற்றது. அங்கே எவரும் உயிரணுவை விற்கவில்லை. அது தந்த சாயத்தை விற்றார்கள். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே பிளவில்லை.

2008இல் நிலை மாறியது. சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாநிலத்தில், போடன் ஏரிக்கரையில் உட்வில் என்றோர் ஊர். ‘உட்விலர் ஷ்பேட்லாவ்பர்’ என்பது அவ்வூர்ப் பெயர் தாங்கிய பழைய ஆப்பிள் வகை. பறித்து நெடுநாள் ஆனாலும் எளிதில் சுருங்காது. புளிப்பு மிகுந்ததால் சந்தையில் மதிப்பிழந்து அருகிப்போனது. மிபெல் பயோகெமிஸ்ட்ரி என்னும் நிறுவனம் அதன் உயிரணுக்களை வளர்த்து அவ்வாண்டில் ஒரு மூலப்பொருளாக வெளியிட்டது. சுருங்காத பழம் சுருங்காத முகத்தைத் தரும் என்ற உவமை எவர் மனத்தையும் இழுக்கக் கூடியது. நிறுவனமே நடத்திய சோதனையில் 20 பேர் 4 வாரம் பூசிக்கொண்டதில் கண்ணோரச் சுருக்கங்களின் ஆழம் 15 விழுக்காடு குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. பொருளை விற்பவரே நடத்திய இத்தனை சிறிய சோதனையைக் கொண்டு ஒரு முடிவுக்கு வர இயலாது.

செய்முறையை அறிந்தால் சிமிழுக்குள் இருப்பது என்னவென்று விளங்கும். காயப்படுத்திய திசுவில் முளைக்கும் உருவமற்ற திரளை எடுத்து, ஊட்டநீரில் பெருக்கி, உயர் அழுத்தத்தில் உடைத்து, கொழுப்பு நுண்குமிழ்களோடு கலக்கிறார்கள். உயிரணு அங்கே உடைந்துவிடுகிறது. எஞ்சுவது அதன் சாறு. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சில பொருள்கள் அதில் இருக்கலாம், அவற்றால் ஓரளவு நன்மையும் இருக்கலாம். உயிரோடு இருந்தாலும் பெரிதாகப் பயனிராது. தாவர உயிரணுக்கள் ஆக்சின், சைட்டோகைனின் முதலிய குறிப்புகளால் நடத்தப்படுபவை. நம் தோலோ வேறு வகைப் புரதங்களின் சொற்கேட்டு நடப்பது. இரு குலங்களும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆப்பிள் பேசும் மொழி நம் தோலுக்குப் புரியாது.

மனிதக் குருத்தணுவின் கதை ஒப்பனை மேசையில் தொடங்கவில்லை. தீக்காயப் படுக்கையில் தொடங்குகிறது. 1975இல் ஜேம்ஸ் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் ஆகியோர் மனிதத் தோலின் மேலணுக்களை ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கும் வழியைக் கண்டனர். 1983இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தைச் சேர்ந்த 5, 6 வயதுச் சகோதரர் இருவர், தோலில் 95 விழுக்காட்டுக்கு மேல் வெந்த நிலையில் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டனர். தீயண்டாத சிறு தோல்துண்டிலிருந்து தாள் தாளாகத் தோல் வளர்க்கப்பட்டு அவர்கள் மேல் ஒட்டப்பட்டது. இருவரும் பிழைத்தனர். 2015இல் ஜெர்மனியில், தோல் உரிந்து விழும் பரம்பரை நோயுற்ற 7 வயதுச் சிறுவனுக்கு, மரபணுக் குறை திருத்திய அவனுடைய குருத்தணுக்களிலிருந்தே உடலின் ஏறத்தாழ 80 விழுக்காட்டுத் தோல் உருவாக்கித் தரப்பட்டது. குருத்தணு என்ற சொல்லுக்கு ஒளி வந்தது இத்தகைய பணிகளால்தான்.

அந்த ஒளியில் நின்றுதான் மனிதக் குருத்தணுக் களிம்புகளும் விற்பனையாகின்றன. ஆனால் அவற்றிலும் உயிரணு இல்லை. பெரும்பாலும் இருப்பது அதை வளர்த்த நீர். வளரும் உயிரணுக்கள் அந்நீரில் வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்களைச் சுரக்கின்றன. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஒரு களிம்பின் மூலம், பிறந்த குழந்தையின் நுனித்தோலிலிருந்து வளர்த்த நாரணுக்கள். கொரியாவில் கொழுப்புத் திசுவின் குருத்தணுக்களை வளர்த்த நீர் புகழ்பெற்றது. 2010இல் கலிபோர்னிய நிறுவனம் ஒன்று, கருவுறாத முட்டையிலிருந்து வளர்த்த குருத்தணுக்களின் சாற்றைக் களிம்பில் சேர்த்தது.

ஒப்பிட்டால், இப்புரதங்கள் நம் தோலுக்குப் புரியும் மொழியில் பேசுபவை. அவ்வளவில் மனித மூலத்தின் வாதம் வலுவானது. ஸ்டான்லி கோஹன் 1962இல் பிரித்தெடுத்த மேல்தோல் வளர்ச்சிக் காரணி, பிறந்த எலிக்குட்டிகளின் கண்களை உரிய நாளுக்கு முன்பே திறக்கச் செய்தது. அதற்காக அவர் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் அது ஊசி வழியே செலுத்தப்பட்டது. காயமற்ற தோலைக் கடக்க மூலக்கூற்றின் எடை 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்ட ஒரு பொதுவிதி. இக்காரணியின் எடை 6,000க்கு மேல். மொழி தெரிந்த தூதன் வாயிற்படியிலேயே நிற்கிறான். அவன் உள்ளே சென்றுவிட்டால் என்ன ஆகும் என்பதும் எண்ணத்தக்கது. வளரச் சொல்லும் கட்டளை, வளரக் கூடாத அணுவின் செவியிலும் விழக்கூடும். ஒருவர் உடலின் பொருளை மற்றவர் பூசுவதால் வரும் தொற்று அச்சமும், அந்த ஒருவர் யார், அறிந்து கொடுத்தாரா என்ற அறக்கேள்வியும் உடன் நிற்கின்றன. மனித உயிரணு, திசு, அவற்றின் விளைபொருள் எதையும் ஒப்பனைப் பொருளில் சேர்க்கக் கூடாதென ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை தடுக்கிறது. முந்தைய நெறியாணையிலும் இத்தடை இருந்தது. ஐரோப்பாவில் ஆப்பிள் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

நம்மை உறுத்துவது களிம்பின் விலையன்று. 2012 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் லான்கோம் நிறுவனத்துக்கு எழுதிய எச்சரிக்கை மடலில், குருத்தணுக்களின் சூழலைச் செம்மைப்படுத்தித் தோலைப் புதுப்பிப்பதாகச் சொல்லும் விளம்பரமும் சுட்டப்பட்டது. உடலின் அமைப்பை மாற்றுவதாகச் சொன்னால் அது மருந்து. மருந்தெனில் மெய்ப்பிக்க வேண்டும் என்பது சட்டம். சொற்களைக் காக்க இத்தகைய சட்டம் நமக்கும் தேவைப்படுகிறது. முகச் சுருக்கத்துக்கும் குருத்தணு, முதுகெலும்பு முறிவுக்கும் குருத்தணு என்று ஒரே சொல் விற்கப்படும்போது, நோயாளியின் குடும்பம் எதை நம்பி நிலத்தை விற்கும்?

இத்தனையும் சொல்லி முடித்தபோது பேராசிரியை சிமிழைத் திறந்து முகர்ந்தார். “அப்படியானால் இது ஆப்பிள் கூழ்தானே?” என்றார். நல்ல கூழாகவும் இருக்கலாம் என்றோம். குருத்து எங்கே என்று கேட்டார். அது அவருடைய தோலின் அடியடுக்கிலேயே இருக்கிறது, நாள்தோறும் புதிய அணுக்களை மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது, வெயிலில் போகும்போது குடை பிடித்தால் அதற்கு உதவியாக இருக்கும் என்றோம். சிரித்துக்கொண்டே கொஞ்சம் எடுத்துப் புறங்கையில் தடவிக்கொண்டார். மகள் அனுப்பியதாயிற்றே, தீரும் வரை பூசத்தான் போகிறேன் என்றார். அதற்கு மறுப்புச் சொல்ல நமக்கு எந்தக் காரணமும் தோன்றவில்லை.