வங்கியில் எவ்வளவு இருக்கிறது?

விழா மலர் என்றால் மங்கலமாக எழுத வேண்டும் என்பது வழக்கம். நம் தணிக்கையாளர் படிப்பு வட்டத்தின் மலருக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். அவர்கள் மனத்தில் இன்ஃபோசிஸ் இருந்திருக்கலாம். நான் சத்யத்தை எடுத்துக்கொண்டேன். மங்கலம் கொஞ்சம் குறையும். ஆனாலும் ஒரே நிறுவனத்துக்கு ஒரே மாதத்தில் இரண்டு இயக்குநர் குழுக்கள் அமைந்த கதை நம் தொழில்காரர்களுக்கு வேறெங்கு கிடைக்கும்?

பிறப்பு வளர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987இல் ராமலிங்க ராஜு ஹைதராபாத்தில் தொடங்கிய நிறுவனம் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ். 1991இல் அமெரிக்க டிராக்டர் நிறுவனமான ஜான் டீரின் வேலை கிடைத்தது. மறு ஆண்டு பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டார்கள். 2001இல் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம் பிடித்தது. 2008 முடியும்போது ஊழியர்கள் சுமார் 53,000 பேர். இன்று நம் வீதிகளில் சைரன் ஒலியுடன் ஓடும் 108 ஆம்புலன்ஸ் சேவையை 2005இல் முதலில் தொடங்கியதும் இதே ராஜுதான். மனிதரை ஒரே சாயத்தில் தோய்த்தெடுக்க முடியாது என்பதற்காகச் சொன்னேன்.

இயக்குநர் குழுவின் பெயர்ப் பட்டியலோ கல்யாணப் பத்திரிகையில் பட்டங்களோடு அச்சிடுவதுபோல இருந்தது. ஹார்வர்டு பேராசிரியர் கிருஷ்ண பலேபு, பென்டியம் சில்லின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வினோத் தாம், ஹைதராபாத் வணிகப் பள்ளியின் முதல்வர் ராம்மோகன் ராவ், மத்திய அமைச்சரவையின் முன்னாள் செயலாளர் டி.ஆர். பிரசாத், டில்லி ஐஐடியின் முன்னாள் இயக்குநர் வி.எஸ். ராஜு. இப்படி ஒரு சபையைப் பார்த்தால் எந்த முதலீட்டாளருக்கும் தூக்கம் நன்றாக வரும். 2008இல் நிறுவன நிர்வாகத்துக்கென்று ‘கோல்டன் பீகாக்’ விருதும் வந்து சேர்ந்தது. பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

2008 டிசம்பர் 16 அன்று அந்தச் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ராமலிங்க ராஜு குடும்பத்தின் மேய்ட்டாஸ் பிராப்பர்ட்டீஸ், மேய்ட்டாஸ் இன்ஃப்ரா ஆகிய இரண்டையும் ஏறத்தாழ 160 கோடி டாலருக்கு வாங்குவது என்பது தீர்மானம். மென்பொருள் எழுதும் கம்பெனிக்கு நிலமும் கட்டுமானமும் எதற்கு? சத்யம் என்ற பெயரை ஆங்கிலத்தில் பின்னிருந்து எழுதினால் மேய்ட்டாஸ். உள்ளே நடந்ததும் ஏறக்குறைய அதே தலைகீழ் வேலைதான். கணக்கில் பணம் இருந்தது, பெட்டியில் இல்லை. இல்லாத அந்தப் பணத்தைக் கொடுத்ததாகக் காட்டி நிஜமான நிலத்தை உள்ளே கொண்டுவந்துவிட்டால் ஓட்டை அடைபட்டுவிடும். பங்குதாரர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒரே இரவில் திட்டம் கைவிடப்பட்டது. அந்த மாதமே சுயேச்சை இயக்குநர்கள் சிலர் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள்.

2009 ஜனவரி 7 அன்று ராஜுவின் ஒப்புதல் கடிதம் வந்தது. புலிவாலைப் பிடித்தவன் கதை என்று நாம் சொல்வதை, புலிமேல் சவாரி என்று அவரே அதில் எழுதியிருந்தார். மற்றவர்கள் அந்த உவமையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாம் கூட்டல் கழித்தலைப் பார்த்தோம். புத்தகத்தில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி பொய். அதாவது உண்மையில் கையில் இருந்தது 321 கோடி. வராத வட்டி 376 கோடி வரவேண்டியதாக எழுதப்பட்டிருந்தது. 1,230 கோடிக் கடன் எழுதப்படவேயில்லை. செப்டம்பர் காலாண்டுக்கு வெளியே சொன்ன வருமானம் 2,700 கோடி, அதில் இயக்க லாபம் 24 சதவீதம். நிஜ வருமானம் 2,112 கோடி, லாபம் 3 சதவீதம். முந்தின நாள் 179 ரூபாய்க்கு முடிந்த பங்கு, அன்று மாலை 40 ரூபாய்க்குக் கீழே கிடந்தது.

போலி பில்கள் ஏழாயிரத்துக்கு மேல் என்றது சிபிஐ. கணினிக்குள் அவை மறைத்து வைக்கப்பட்டிருந்தன. வேலையை முடித்துக் கொடுத்த பிரிவின் கண்ணில் படாது, கணக்குப் பிரிவின் கூட்டுத்தொகையில் மட்டும் வந்து நிற்கும். அதுகூட நுட்பமான தந்திரம் என்று ஒப்புக்கொள்ளலாம். என்னால் ஜீரணிக்க முடியாதது வங்கி இருப்பு விஷயம்தான். நான் ஆர்ட்டிகிள் மாணவனாக இருந்தபோது என் முதலாளி ஒரே ஒரு காரியத்தில் ஈவிரக்கம் காட்டமாட்டார். இருப்பு உறுதிக் கடிதத்தை நாமே தபாலில் சேர்க்க வேண்டும், பதில் நம் அலுவலக முகவரிக்கே வர வேண்டும். கட்சிக்காரரின் காசாளர் “நானே பேங்க்ல வாங்கித் தந்துடறேன் தம்பி, வெயில்ல எதுக்கு அலையறீங்க?” என்று அன்பாகச் சொன்னாலும், சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சத்யத்தின் கணக்கைப் பார்த்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் தணிக்கையாளர்கள் இந்தக் கடிதங்களை அனுப்புவதையும் பெறுவதையும் நிறுவனத்தின் நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள் என்பது 2011இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கண்டு சொன்னது. நிரந்தர வைப்புநிதி ரசீதுகளிலும் போலி. அதற்கு வட்டி என்று எழுதியதும் போலி. அந்த வட்டிக்குக் கட்டிய வருமான வரி மட்டும் அசல்!

பழைய சபை கலைக்கப்பட்டது. ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, கிரண் கர்னிக், தீபக் பரேக், சி. அச்சுதன் மூவரையும் மத்திய அரசு நியமித்தது. மாட்டுப் பொங்கலன்று மேலும் மூவர் வந்தார்கள்: தருண் தாஸ், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பாலகிருஷ்ண மைனாக், நம் சென்னை ஆடிட்டர் டி.என். மனோகரன். மனோகரன் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் முன்னாள் தலைவர். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நம்மில் பலர் காலர் தூக்கிக்கொண்டோம்.

இந்த ஆறு பேரில் ஒருவருக்கும் அந்த நிறுவனத்தின் உள்விவகாரம் தெரியாது. நம்பி எடுத்துப் படிக்க ஒரு பேலன்ஸ் ஷீட்கூட இல்லை. ஆண்டுக் கணக்கு, காலாண்டு லாபம், வளர்ச்சி விகிதம் எதுவும் இந்தச் சபைக்கு உதவாது. ஆகவே மளிகைக் கடைக்காரர் கேட்கும் கேள்வியில் தொடங்கினார்கள். இன்றைக்குக் கையில் என்ன இருக்கிறது, யாரிடமிருந்து வர வேண்டும், மாதக் கடைசியில் 53,000 பேருக்குச் சம்பளம் எப்படிப் போடுவது? வாடிக்கையாளர்களிடம் நின்ற நிஜ பாக்கியை வசூலிப்பதில் இறங்கினார்கள். வங்கிகளிடம் 600 கோடி ரூபாய்க் கடனுக்கு ஏற்பாடு செய்தார்கள். பிப்ரவரியில் உள்ளிருந்தே ஏ.எஸ். மூர்த்தியைத் தலைமை அதிகாரியாக்கினார்கள். கணக்கைத் தோண்டி மறுபடி எழுத கேபிஎம்ஜியும் டெலாய்ட்டும் வந்தன.

பழைய சபையில் அறிவாளிகளுக்குப் பஞ்சமில்லை. முன்னால் வைத்த தாளை அவர்கள் கவனமாகவே படித்திருப்பார்கள். புதியவர்களுக்கு முன்னால் வைக்கத் தாளே இல்லாமல் போனது அதிர்ஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர்கள் கைக்கு வந்த நிறுவனம் வெறும் கூடு அல்ல. லாபம் பொய்யாக இருந்தாலும் வேலை நிஜம். எழுதிய நிரல் நிஜம், இரவு ஷிப்டில் உட்கார்ந்திருந்த பையன்களும் பெண்களும் நிஜம். சில வாடிக்கையாளர்கள் விலகினாலும் பெரும்பாலோர் இருந்தார்கள். விற்பனைக்கு வந்தது அதுதான். ஏலத்தை மேற்பார்வையிட முன்னாள் தலைமை நீதிபதி எஸ்.பி. பரூச்சாவை அமர்த்தினார்கள். ஏப்ரல் 13 அன்று உறைகளைப் பிரித்தார்கள். டபிள்யூ.எல். ராஸ் பங்குக்கு 20 ரூபாய் கேட்டிருந்தார். எல் அண்ட் டி 45 ரூபாய் 90 காசு. டெக் மஹிந்திரா 58 ரூபாய். நம்பக்கூடிய கணக்கு ஒன்றைக்கூடப் பார்க்காமல், 31 சதவீதப் பங்குக்கு 1,757 கோடி! திருத்தி எழுதிய கணக்கு 2010 செப்டம்பரில்தான் வெளிவந்தது. அமெரிக்க முறைப்படியான கணக்கைக் குறித்த நாளுக்குள் தர முடியாததால் நியூயார்க் பட்டியலிலிருந்து விலக நேர்ந்தது.

மஹிந்திரா சத்யம் என்று பெயர் மாறியிருந்த நிறுவனம் 2013 ஜூனில் டெக் மஹிந்திராவுடன் இணைந்து, சத்யம் என்ற பெயர் மறைந்தது. அதே ஆண்டு வந்த கம்பெனிச் சட்டம் தணிக்கையாளரைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னது. நம்மில் சிலர் பழைய கட்சிக்காரர்களை இழந்தது அதனால்தான், முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜுவுக்கும் மற்றவர்களுக்கும் ஏழாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அவர்கள் ஜாமீனில் வெளியே வந்தார்கள்.

இன்னொரு வழக்கும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. பொய் வருமானத்துக்குக் கட்டிய நிஜ வரி இருக்கிறதே, அதற்காக அந்தப் பொய் வருமானத்தைக் கழித்துப் பழைய ஆண்டுகளின் வருமானத்தைப் புதிதாகக் கணக்கிடச் சொல்லி வருமான வரித் துறையோடு நிறுவனம் மல்லுக்கட்டியது. சம்பாதிக்கவே இல்லை என்று கம்பெனி சாதிக்க, நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்த கணக்குதானே என்று துறை திருப்பிக் கேட்டது.